சோறு போட்ட கை சும்மா இருக்கிறதே, டாக்டர்!

கேள்வி:

எனக்கு 73 வயது. லால்குடி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக 28 வருஷம் வேலை பார்த்தேன். 1982-ல் எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கிய வருஷமே சேர்ந்தவள். தினமும் 140 பிள்ளைகளுக்குச் சோறு. கணவர் தவறிய பிறகு, நாலு வருஷமாக ஊரப்பாக்கத்தில் மகனோடு இருக்கிறேன். அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. மகனும் மருமகளும் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அடுப்படிப் பக்கம் போனாலே "நீங்க போய் உட்காருங்க அத்தை" என்று மருமகள் அனுப்பிவிடுகிறாள். சோறு போட்ட கை இப்போது டிவி ரிமோட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மே மாத வெயிலில் குப்பை வண்டியோடு வரும் பெண்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஒரு தூக்குவாளி நிறைய மோர் கரைத்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. கடைசிப் படி கண்ணுக்குத் தெரியாமல் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தப் பெண்களில் ஒருத்திதான் ஓடிவந்து தூக்கி, மகன் வருகிறவரை என்னை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. "இனிமே நீங்க யாருக்கும் எதுவும் செய்ய வேணாம்மா, சும்மா இருந்தாலே போதும்" என்று மகன் சொல்லிவிட்டான்.

வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணில் இன்னும் முற்றவில்லை என்று விட்டிருக்கிறோம். மூட்டுவலி இருக்கிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. ஒரு ரூபாய்க்கு இட்லி போடும் கோயம்புத்தூர் கமலாத்தாள் பாட்டியை டிவியில் பார்த்தால் அழுகை வருகிறது. இந்த உடம்போடு நான் யாருக்காவது உபயோகமாக இருக்க முடியுமா? கடைசியில் கண்ணையாவது கொடுக்கலாம் என்றால், ஆபரேஷன் செய்த கண்ணை எடுத்துக்கொள்வார்களா?

திங்கட்கிழமை எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை தட்டை நீட்டும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். அது கேட்பதற்குள் போடச் சொல்லிவிடுவேன். அந்த மாதிரி ஒரு நாள்கூட இப்போது இல்லை.

— வாசகி, ஊரப்பாக்கம்

பதில் (முதியோர் நல மருத்துவர்):

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபின் கடைசி நாலு வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். சனி, ஞாயிறு வீட்டில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குத் திங்கட்கிழமை மதியம்தான் வயிறு நிறையும். எந்தப் பிள்ளை என்று அது வாய் திறக்கும் முன்பே கண்டுபிடிப்பது எல்லோருக்கும் வராது. அந்தக் கூடத்தில் அண்டாவை இறக்கியது சமையலரும் உதவியாளரும்தானே? அரிசியை அளந்து கொடுத்ததும், பதிவேடு எழுதியதும், எந்த முகம் வாடியிருக்கிறது என்று பார்த்ததும் நீங்கள். மூட்டுத் தேய்மானமும் மணிக்கட்டு முறிவும் இதில் எதைக் கொண்டுபோய்விட்டன? ஒன்றையும் கொண்டுபோகவில்லை. இனி நான் சொல்லப்போவது எல்லாம் உங்களுடைய அந்தப் பார்வையை நம்பித்தான்.

ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் வைத்தியம் பேச வேண்டும். நீங்கள் விழுந்ததற்குக் காரணம் மோர் கொடுக்க நினைத்தது என்று உங்கள் மகன் எண்ணுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கண்ணில் புரை எடுத்து, இன்னொரு கண்ணில் எடுக்காமல் விட்டால் இரண்டு கண்ணின் பார்வையும் ஒத்துப்போகாது. ஒன்று தெளிவு, ஒன்று மங்கல். படியின் ஆழத்தை அளக்க மூளைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதனால்தான் இந்த இடைக்காலத்தில் பலருக்கும் கடைசிப் படி ஏமாற்றிவிடுகிறது. புரை முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய அறுவை முறை இருந்த காலத்துப் பழக்கம். இப்போது அதற்கு அவசியமே இல்லை. பார்வை அன்றாடக் காரியத்துக்குத் தொந்தரவு கொடுத்தாலே எடுத்துவிடலாம். உங்கள் விஷயத்தில் கையே முறிந்துவிட்டது. இடது கண்ணை இனியும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கண்ணும் ஆறியபின் புதிதாகக் கண்ணாடி அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இரண்டு கையிலும் வாளியைப் பிடித்திருந்தால் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை ஏது? படியில் இறங்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். அதாவது, படியில் நீங்கள் எதையும் தூக்கக் கூடாது. இதில் மட்டும் உங்கள் மகன் கட்சிதான் நான்.

நின்ற உயரத்திலிருந்தோ ஒரு படியிலிருந்தோ விழுந்து மணிக்கட்டு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்து அனுப்பும்போது பல இடங்களில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது, வலிக்காது. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெலிவு இருந்தால் மருந்து உண்டு. மணிக்கட்டு முறிவை ஒரு எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு கவனித்தால், இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். பிரஷரை உட்கார்ந்தபடி ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது ரொம்ப இறங்கினால் மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களாக மாற்ற வேண்டாம்.

தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி: சுவரை ஒட்டிப் போட்ட, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. இரண்டு வாரம் போனால் எட்டு, பத்து என்று கூட்டலாம். முட்டி கூடுதலாக வலித்தால் நிறுத்திவிட்டுப் பிசியோதெரபி செய்பவரைப் பாருங்கள். பத்து நிமிஷம் நிற்க முடிவதைப் பதினைந்தாக ஆக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் மனசு. டிவி பார்த்து அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சும்மா கடந்து போக மாட்டேன். முதுமையில் வரும் மனச்சோர்வு பல நேரம் 'நான் எதற்கும் பிரயோஜனமில்லை' என்ற வார்த்தையில்தான் வெளியே வரும். ஆனால் உங்களுக்கு ஆசை இன்னும் உயிரோடு இருக்கிறது, கோபம்கூட வருகிறது. எதிலுமே பிடிப்பில்லாமல் போனவர் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார். அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை. இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், 'போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை' என்ற நினைப்பு வந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கமலாத்தாள் பாட்டி வடிவேலம்பாளையத்தில் இட்லி விற்பது 2019-ல்தான் ஊர் உலகத்துக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்பே 30 வருஷம் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். சொந்த ஊர், சொந்த அடுப்பு, பழகிய ஆட்டுக்கல், தெரிந்த முகங்கள். எண்பது வயதில் புது ஊரில், இரண்டாவது மாடியில் தொடங்கிய வேலை அல்ல அது. உங்களுடைய 28 வருஷம் லால்குடியில் நடந்து முடிந்தது, அதை யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தன் வேலையை இன்னும் விடாத ஒருவரையும், வேலையை முடித்துவிட்டு இடம் மாறி வந்த ஒருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமான கதை என்று எனக்குத் தோன்றுவது வேறு ஒன்று. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வரப் பேருந்துச் செலவுக்குப் பணமில்லாமல் இருந்து, கடைசியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு வரவைக்க முடியாது என்று சிபாண்டாவுக்குப் புரிந்தது. 2006 வாக்கில் ம்பாரே என்ற ஏழைப் பகுதியில் அவருக்குக் கிடைத்தது 14 பாட்டிகள். மருத்துவமனைக்குள் அறை கிடைக்கவில்லை. அதனால் வெளியே மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு போட்டார்கள். வருகிறவர்கள் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், பாட்டி கேட்க வேண்டும், இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை எடுத்து 'இதற்கு முதலில் என்ன செய்யலாம்?' என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைக்கலாம் என்று டாக்டர் நினைத்திருக்கிறார். அப்படிப் பெயர் வைத்தால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் சொல்ல, அது 'நட்பு பெஞ்சு' ஆனது. அங்கே மனச்சோர்வுக்கு 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. யோசித்து யோசித்து மாய்வது என்று அர்த்தம். பாட்டிகள் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். பின்னாளில் இந்த முறையை 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு, ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. 2016-ல் வெளியான ஆய்வு இது. அந்தப் பாட்டிகள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. பயிற்சி கொடுத்தார்கள், மேற்பார்வைக்கும் ஆள் இருந்தது, உண்மைதான். ஆனால் அவசரப்படாமல் கேட்பதற்கான நேரத்தையும் பட்டறிவையும் யாரும் பயிற்சியில் கொடுத்துவிட முடியாது. அது அவர்களிடமே இருந்தது.

உங்கள் குடியிருப்பின் வாசலிலும் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கும். ஊரப்பாக்கத்து அடுக்குமாடிகளில் பெரும்பாலும் காவலாளி அறைக்குப் பக்கத்திலேயே இருக்கும். லிஃப்ட் ஓடுகிற நாளில், கையில் எதுவும் இல்லாமல், சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே வந்து அங்கே உட்காருங்கள். முதல் ஒரு வாரம் வேறு எதுவும் செய்ய வேண்டாம். சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று பார்ப்பீர்களே, அந்த மாதிரிப் பாருங்கள். யார் இங்கே திங்கட்கிழமைப் பிள்ளை?

எனக்குத் தெரிந்த குடியிருப்புகளில் இருப்பவர்களைச் சொல்கிறேன். அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். ஆறரை, ஏழு மணி வரை பூட்டிய வீட்டுக்குள் போனோடு இருக்கும். அந்தப் பிள்ளையிடம் 'இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோனாய், மிச்சம் வைத்தாயா?' என்று கேட்க அந்த நேரத்தில் உலகத்தில் யாருமில்லை. நீங்கள் கேட்கலாம். பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், எதையும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் முதலில் அதன் அம்மாவிடம் போய், நான் இன்ன வீட்டில் இருக்கிறேன், சாயங்காலம் பெஞ்சில்தான் இருப்பேன் என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்திலேயே இருங்கள். இந்தக் காலத்தில் அது பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் நாலரை மணி வாக்கில் அடுத்த வீட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிஷம் மூச்சு வாங்க உட்காருவார்கள். இங்கே உங்களுடைய இன்னொரு திறமைக்கு வேலை இருக்கிறது. 28 வருஷம் பதிவேடு எழுதியவர் நீங்கள். தபால் நிலையத்தில் பணம் எடுக்கும் எஸ்.பி.-7 படிவத்தை யார் நிரப்பித் தருவார்கள் என்று கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வந்ததா, எந்தக் கணக்கில் விழுந்தது என்று பாஸ்புக்கைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லிருந்து தனி நல வாரியமே இருக்கிறது. அதில் பதிந்தவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, திருமணம் என்று உதவித்தொகைகள் உண்டு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் பெண் பதிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். நான் விசாரித்த வரையில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரு கறாரான விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஏ.டி.எம். ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ நீங்கள் கேட்கவும் கூடாது, சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதித் தருவதும் படித்துச் சொல்வதும் போதும்.

கீழே இறங்க முடியாத நாட்களும் வரும். மழை, மூட்டு வீக்கம், லிஃப்ட் கோளாறு. அந்த நாட்களுக்காக என்னிடம் வரும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். 84 வயது, நடுக்கு நோய், வாசல் தாண்டிப் போவதே அரிது. அவர் தினமும் காலை ஏழு மணிக்கு ஐந்து பேருக்குப் போன் போடுவார். ஐந்து பேரும் தனியாக வசிக்கும் முதியவர்கள். "எழுந்தாச்சா? காபி ஆச்சா? மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவுதான், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். ஒரு நாள் ஒருவர் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டு எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். கதவைத் திறந்து பார்த்தால், விடியற்காலையில் குளியலறையில் விழுந்தவர் எழ முடியாமல் தரையிலேயே கிடந்திருக்கிறார். விழுந்த முதியவர் மணிக்கணக்கில் தரையிலேயே கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், புண் விழும், நுரையீரலில் சளி கட்டும். விழுந்ததைவிட, கிடந்ததால் வரும் கேடு பெரிதாகிவிடுவதும் உண்டு. அவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார், பிழைத்தார். இன்றைக்கு அவரும் அந்த ஏழு மணிப் போனுக்குக் காத்திருக்கிறார்.

இந்தக் காத்திருப்பு என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள் அம்மா. நீங்கள் இழந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். லால்குடியில் பன்னிரண்டரை மணிக்கு 140 பேர் உங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் எந்த நேரத்திலும் யாரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. எல்லாம் உங்களிடம் வந்து சேர்கிறது, உங்களிடமிருந்து எதுவும் போவதில்லை. ஆகவே மனசுக்குத் தோன்றினால் ஒரு நாள், மறந்தால் இல்லை என்று இருக்காமல், ஒரு ஆள், ஒரு நேரம் என்று குறித்துக்கொண்டு செய்யுங்கள். ஒரே ஒரு போனாக இருந்தாலும் ஏழு மணி என்றால் ஏழு மணி. வாங்குவதைவிடக் கொடுப்பதற்கு உடம்பிலும் ஒரு பலன் இருக்கலாம் என்று மருத்துவ உலகம் யோசிக்கத் தொடங்கி வெகுநாள் ஆகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 423 முதிய தம்பதிகளை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2003-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் நேரடியாக ஏதாவது உதவி செய்துகொண்டிருந்தவர்கள், அந்த ஐந்து வருஷத்தில் இறந்துபோவது குறைவாக இருந்தது. உதவி பெற்றுக்கொண்டது மட்டும் அந்த மாதிரி வித்தியாசம் எதையும் காட்டவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தானே உதவ முடியும் என்று நீங்கள் கேட்கலாம். வயதையும் உடல்நிலையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. ஒரே ஆய்வை வைத்து ஆயுளுக்கு உத்தரவாதம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் 'சும்மா இருந்தாலே போதும்' என்று உங்கள் மகன் நினைப்பது சரியில்லை என்று சொல்ல இது போதும்.

தம்பி, இந்தப் பத்தி உங்களுக்கு. அம்மா இதை உங்களிடம் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அம்மா மறுபடி விழுந்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் உண்டு, தினமும் பார்க்கிறேன். ஆனால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு வாரத்துக்கு வாரம் தொடைத் தசை கரைகிறது. அடுத்த தடவை குளியலறைக்கு எழுந்து போகும்போது விழுவதற்கு நாமே ஏற்பாடு செய்த மாதிரி ஆகிவிடும். அம்மாவைத் தடுப்பதற்குப் பதிலாகப் படியையும் கண்ணையும் சரிசெய்யுங்கள். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சங்கத்தில் கேளுங்கள், லிஃப்டுக்கு அருகில் விளக்குப் போடுங்கள், பின்பக்கம் வார் வைத்த, வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள், இடது கண்ணுக்குத் தேதி குறியுங்கள். மோர் கொடுக்க அம்மா ஆசைப்பட்டால் கரைப்பது அம்மா, கீழே கொண்டுபோய் வைப்பது நீங்கள். காலையில் ஆபீஸ் போகும் வழிதானே.

உங்கள் மனைவியிடமும் ஒரு வேண்டுகோள். அடுப்படியில் அம்மாவுக்கு ஒரு வேலையை நிரந்தரமாகக் கொடுங்கள். முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, மொச்சை பிதுக்குவது, இதில் ஏதாவது ஒன்று. உட்கார்ந்தே செய்யலாம். முறிந்து கூடிய மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் இது பயிற்சியும்கூட. காசு கொடுத்துப் பிசியோதெரபி நிலையத்தில் செய்கிற அசைவுகளில் பாதி இதில் வந்துவிடும். ஆனால் அந்த வேலை உண்மையிலேயே அம்மாவுடையதாக இருக்க வேண்டும். அம்மா செய்யாவிட்டால் அன்றைக்குக் கீரை இல்லை என்ற மாதிரி. பொழுதுபோக்குக்காகக் கொடுத்த வேலை என்றால் அவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் பசியையே முகத்தில் படித்தவர் அவர்.

அம்மா, கண் தானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். புரை ஆபரேஷனில் மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸை. தானத்தில் பயன்படுவது முன்னால் இருக்கும் கருவிழிப் படலம். அது வேறு, இது வேறு. வயதும் தடையில்லை. கண்ணாடி போட்டவர்கள், பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள், எல்லோரும் கொடுக்கலாம். கண்ணை எடுக்கலாமா, எதற்குப் பயன்படும் என்பதைக் கண் வங்கிக்காரர்கள் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்வார்கள். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதைவிட முக்கியம், மகனிடமும் மருமகளிடமும் வாயால் சொல்லி வைப்பது. ஏனென்றால் அந்த நேரத்தில் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் இது கடைசிக் காரியம். அதற்குமுன் அந்த இரண்டு கண்ணுக்கும் நிறைய வேலை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரு வாரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் விழுந்த அன்று ஓடிவந்து உங்களை மடியில் சாய்த்துக்கொண்டாரே, அந்தக் குப்பை வண்டிப் பெண். அவருக்கு மோர் கொடுக்கப் போனீர்கள், கடைசியில் அவரல்லவா உங்களுக்குக் கொடுத்தார்! கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் அவர் பெயரை எழுதவில்லை. தெரியாமல் இருக்கலாம். மணிக்கட்டு கூடிவிட்டதா என்று அவரும் ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை வண்டி வரும் நேரத்துக்கு மகன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கையைக் காட்டுங்கள். பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.